பேயடுப்பு

மார்ச் 3, திங்கள்

டாக்டரம்மா சொன்னதால் எழுதுகிறேன். பிரஷர் நூற்றெழுபது. கோபம் வந்தால் கையை ஓங்காமல் வீட்டுக்குப் போய் ஒரு நோட்டில் எழுதுங்கள் என்றார். இன்று காலையில்தான் ஒரு லாரி டிரைவரைக் கன்னத்தில் அறைந்திருந்தேன். ஒன்பதாம் கிணற்றுக் குழாய்மேல் டயரை ஏற்றிவிட்டு, தெரியலக்கா என்று பல்லைக் காட்டினான். தெரியாதவன் எதற்கு வண்டி ஓட்டுகிறான்? சரி, எழுதினால் குறையுமாம். பார்ப்போம்.

யாராவது எடுத்துப் படித்தால் புரியட்டும் என்று ஒரு வார்த்தை. என் பெயர் ஆவுடையம்மாள். பனைவிளைப் பொட்டல் குப்பைமேட்டில், குப்பையிலிருந்து வாயு எடுத்துக் கரண்டு ஆக்குகிற பிளாண்டில் சூப்பர்வைசர். டவுன்காரர்கள் முப்பது வருஷமாகக் கொட்டிய குப்பை இங்கே மலையாகக் கிடக்கிறது. அடியில் மக்குகிற குப்பை வாயுவைக் கக்குகிறது. அதைச் சும்மா மேலே விட்டால் வானம் கொதிக்கும். எஞ்சின் புகையைவிட அது பல மடங்கு மோசம். அதனால் மலையில் கிணறு போல ஆழமாகத் துளைத்து, பொத்தல் போட்ட குழாய்களை இறக்கி, பிளோயர் என்கிற உறிஞ்சும் மோட்டாரால் வாயுவை இழுத்து, எஞ்சினில் எரித்துக் கரண்டு எடுக்கிறோம். மொத்தம் இருபத்திரண்டு கிணறு. எல்லாம் என் பொறுப்பு.

என்னிடம் ஒரே சட்டம்தான். மலையில் யார் துளை போட்டாலும் களிமண் வைத்து அடைக்காமல் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. நாம் உறிஞ்சுகிறோம். துளை திறந்து கிடந்தால் அது வழியாகக் காற்று உள்ளே போகும். காற்று போனால் உள்ளே தீப் பிடிக்கும். வெளியே தெரியாது, உள்ளேயே தின்றுகொண்டு போகும். ஒரு நாள் மேலே நிற்கிறவன் காலுக்குக் கீழே தரை இருக்காது. அந்த மலைமேல் நாள் முழுக்கப் புல்டோசர் ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர், நயினார் அத்தான். என் தாய்மாமன் மகன். ஆகவே எவனாவது துளையைத் திறந்து போட்டால் எனக்குக் கை நீளத்தான் செய்யும். இது டாக்டரம்மாவுக்குப் புரியாது.

அரிசி மாவு தீர்ந்துவிட்டது. நாளை மில்லுக்குப் போக வேண்டும்.

மார்ச் 5, புதன்

இன்று கையை ஓங்கவில்லை. ஓங்கியிருக்கலாம்.

பதினேழாம் கிணற்றுக்குப் பக்கத்தில் குப்பை பொறுக்குகிறவர்கள் தார்ப்பாய் கட்டிக் குடியிருக்கிறார்கள். பன்னிரண்டு குடிசை. பலே ஆட்கள். பழைய இரும்புக் குழாயை மலைக்குள் ஆள் ஆழத்துக்கு அடித்து இறக்கி, அதில் வருகிற வாயுவைப் பற்றவைத்து, மூன்று கல்லைக் கூட்டிச் சமைக்கிறார்கள். வெயிலில் அந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது. அதனால் பேயடுப்பு என்று பெயர். எரிகிறதா என்று பார்க்க ஒரு சிட்டிகை உப்பைத் தூவுவார்கள், மஞ்சளாகத் தெரியும். சமையல் முடிந்ததும் ஈரச் சாக்கைச் சுருட்டிக் குழாய் வாயில் திணித்துவிடுவார்கள், நாற்றம் பிள்ளைகளுக்குத் தலைவலி கொடுக்கிறதாம். நான் சிலிண்டருக்கு அலைகிறேன், இவர்களுக்கு ஓசி. அதுவும் என் வாயு.

இன்று அந்தப் பக்கம் போனால், அத்தான் டோசரை நிறுத்திவிட்டு முப்புடாதியின் குடிசை வாசலில் குத்தவைத்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். முப்புடாதி அங்கே எல்லோருக்கும் தலைவி மாதிரி. வாட்டசாட்டமான ஆள். அவள் புருஷன் கொம்பையா ஓர் ஓரத்தில் செம்புக் கம்பி உரித்துக்கொண்டிருந்தான். அவளுடைய சின்னப் பிள்ளை அத்தான் மடியில். என்னைப் பார்த்ததும் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க மதினி, ஒரு வா டீ குடிங்க" என்கிறாள்.

நான் யாருக்கு மதினி? இவரை எப்போது அண்ணாச்சி ஆக்கினாள்?

ராத்திரிச் சோற்றின்போது கேட்டேன். "ஒரு டீதாம்ட்டி குடிச்சேன்" என்றார். டீ என்றால் நான் போட மாட்டேனா? பிளாஸ்க் கொடுத்துத்தானே அனுப்புகிறேன்? பிளாஸ்க் நிறைந்தபடி திரும்பி வருகிறது. பிள்ளைகளுக்கு மிட்டாய் வேறு வாங்கிப் போகிறாராம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

எனக்குப் பொறாமை ஒன்றும் கிடையாது. வாயு திருடுகிறார்கள், அதுதான் என் கோபம்.

மார்ச் 8, சனி

மேனேஜர் கிருபாகரன் எல்லோர் முன்னாலும் கத்தினார். எஞ்சின் பாதி பலத்தில்தான் ஓடுகிறது. இருபதாம் தேதி சோதனை ஓட்டம் தொடங்குகிறது. எவ்வளவு வாயுவை மேலே போக விடாமல் பிடித்தோம் என்று அளக்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பத்து நாள் முழுப் பலத்தில் நிற்காமல் ஓடினால் இரண்டாம் எஞ்சின் வரும். இல்லையென்றால் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதானாம்.

வால்வுகளை இன்னும் கொஞ்சம் திறந்தேன். பதினேழை நிறையவே திறந்தேன். அதில்தான் நல்ல வாயு.

வாயு குறைவதற்குக் காரணம் அந்தக் குடிசைக்காரர்கள்தான் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டுவிட்டார். கேட்டுக்குக் காவல் காண்ட்ராக்ட் எடுத்திருக்கும் தாசனைக் கூப்பிட்டார். தாசன் அடிதடி ஆள், ஊருக்கே தெரியும். குழாயைப் பிடுங்குவது என் வேலை, நீ சும்மா கூட நில் என்று தாசனிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

சாளை மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். நன்றாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு, டோசருக்குக் கிரீஸ் வைக்கணும் என்று கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமையில் என்ன கிரீஸ்?

மார்ச் 11, செவ்வாய்

முடித்துவிட்டேன். 

காலையில் டிராக்டரில் தாசனும் அவன் ஆட்கள் நாலு பேரும் வந்தார்கள். களிமண் மூட்டைகளையும் ஏற்றச் சொன்னேன். சட்டம் சட்டம்தான். நேராக முப்புடாதி வீட்டுக்குத்தான் போனேன். பதினேழுக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான் என்பதால்.

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. "பானையத் தொடாதிய மதினி, பிள்ளையளுக்குச் சோறு" என்றாள். மறுபடியும் மதினி. நான் கல்லை உதைத்தேன். பானை சாய்ந்தது, கஞ்சி அவள் இடது கையில் முழங்கை வரைக்கும் கொட்டியது. அவள் என் கொண்டையைப் பிடித்தாள். அறைந்தேன். ஒன்று இல்லை, நாலைந்து இருக்கும். ஈரச் சாக்கைப் போட்டுத் தீயை அணைத்து, அந்தக் குழாயை நானே இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பிடுங்கினேன். ஆம்பளைகள் இரண்டு பேர் சேர்ந்தாலும் வராது என்றார்கள், எனக்கு வந்தது.

கொம்பையா குப்பை கிளறுகிற கொக்கிக் கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "பொம்பளைன்னு பாக்கேன்" என்றான். என்னை அடிக்கவில்லை, நிஜம். கம்பியை ஓங்கியபடியே நின்றான். அதற்குள் தாசன் ஆட்கள் அவனைக் கீழே தள்ளிவிட்டார்கள். வலது கையை மண்ணில் அழுத்திப் பிடித்து, என்னுடைய பைப் ரென்ச்சை எடுத்து விரல்களில் போட்டார்கள். அந்தச் சத்தம் கேட்டது. போதும் என்று கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன்.

மிச்சக் குழாய்களையும் பிடுங்கினோம். மொத்தம் பன்னிரண்டு. அதற்குள் நாலாபக்கமும் கல் பறக்க ஆரம்பித்துவிட்டது, டிராக்டரில் ஏறி வந்துவிட்டோம். களிமண் மூட்டை வண்டியிலேயே இருந்தது. குழிகளைப் போய் அடைக்கச் சொல்லித் தாசனிடம் சொன்னேன். சொல்லியிருப்பேன். இவ்வளவு வருஷத்தில் நான் சொல்லாமல் விட்டதே கிடையாது.

மார்ச் 12, புதன்

அத்தான் பேசவில்லை. கொம்பையாவைப் பைக்கில் வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இவர்தான் என்று கேட்டில் சொன்னார்கள். மூன்று விரல் இனி மடங்காதாம். கம்பி உரிக்கிறவனுக்கு விரல்தான் எல்லாம். அதற்கு நான் என்ன செய்ய? கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தது யார்?

ராத்திரி ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தார். தோசை சுட்டு வைத்திருந்தேன். அத்தனையையும் தூக்கிச் சுவரில் அடித்தேன். பிறகு நானே சுவரைத் துடைத்தேன். டாக்டரம்மா நோட்டில் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

வாயு ஏறிவிட்டது. எஞ்சின் முக்கால் பலம். மேனேஜர் எல்லோருக்கும் அல்வா வாங்கித் தந்தார். ஆவுடையம்மா இல்லையென்றால் இந்தப் பிளாண்டே இல்லை என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். சிரிப்பு வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் திறந்தேன்.

பதினேழில் ஆக்சிஜன் கொஞ்சம் ஏறியிருக்கிறது. கவலைப்படுகிற அளவு இல்லை.

கணக்கெடுக்கப் போனபோது முப்புடாதி வீட்டுப் பக்கம் ஒரு பாலிதீன் பை தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. காலால் தள்ளினேன், போகவில்லை. குனிந்து பிடித்து இழுத்தால் டப்பென்று வந்தது. விட்டதும் மறுபடி அதே இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பங்குனி மாதக் காற்று இப்படித்தான் இருக்கும்.

அவள் குடிசைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் வாழையிலை சுற்றியிருந்தது. விறகு அடுப்பு மூட்டியிருந்தாள், கண்ணெல்லாம் சிவப்பு. அங்கே நிற்கப் பிடிக்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

வண்டியில் போனபோது மேட்டுத் திருப்பத்தில் கல் எறிந்தார்கள். நெற்றியில் மூன்று தையல். யார் என்று தெரியாது, பெண்பிள்ளைகள்தான், சிரிப்புச் சத்தம் கேட்டது. நானும் இறங்கி இரண்டு கல் எறிந்தேன். ஒன்று யார்மேலோ பட்டது. பட்ட சத்தம் மனதுக்கு நிறைவாக இருந்தது. இப்படி எழுதுவது தப்பாக இருக்கலாம், ஆனால் பொய் எழுதச் சொல்லி டாக்டரம்மா சொல்லவில்லை.

அத்தான் என் நெற்றிக் கட்டை மாற்றிவிட்டார். அஞ்சு நாளில் முதல் பேச்சு. "இனி ஒருத்தர் மேலயும் கை வைக்காத ஆவுட. என்னால வெளிய தல காட்ட முடியல" என்றார். அவர் கை என் நெற்றியில் இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

பதினேழில் ஆக்சிஜன் நன்றாகவே ஏறிவிட்டது. குழாய்த் தலையில் கை வைத்தேன், இரண்டு விநாடிக்கு மேல் வைக்க முடியவில்லை. வெயிலில் கிடக்கிற இரும்பு சுடத்தான் செய்யும். பதினாறில் கை வைத்தேன், அது இவ்வளவு சுடவில்லை. மீட்டர் பழசு, அதை நம்ப முடியாது. மேனேஜரிடம் புது மீட்டர் கேட்டேன். சோதனை முடியட்டும் என்றார்.

வால்வை மூடினால் எஞ்சின் பலம் இறங்கும். நாளை மறுநாள் வருகிறார்கள். மூடவில்லை. மேனேஜர் மூடச் சொல்லவும் இல்லை.

ராத்திரி அத்தான் சொன்னார், பதினேழு பக்கம் ஓட்டும்போது சீட்டுக்கு அடியில் சுடுகிறதாம். ரேடியேட்டரைப் பாருங்கள் என்றேன். பார்த்தாராம், நன்றாக இருக்கிறதாம். அப்படியென்றால் வயசாகிவிட்டது உங்களுக்கு என்றேன். சிரித்தார். சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. பேச்சை மாற்றிவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

சோதனை தொடங்கியது. வெள்ளைச் சட்டை போட்ட மூன்று பேர். எஞ்சின் முழுப் பலம். முள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. பார்க்கவே வயிறு குளிர்ந்தது.

மத்தியானம் பதினேழு பக்கம் தரையிலிருந்து புகை வந்தது. மெலிசாக, வெள்ளையாக. கரிந்த ரப்பர் நாற்றம். வந்தவர்களில் ஒருவர் என்ன அது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், குப்பை பொறுக்குகிறவர்கள் வயரை எரித்துச் செம்புக் கம்பி எடுக்கத் தீ வைக்கிறார்கள் என்று மேனேஜர் சொன்னார். என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன். கொம்பையா என்று பெயரும் சொன்னேன். அவன்தான் செம்புக் கம்பிக்காரன், என்மேல் வர்மம் வைத்திருப்பவன். வேறு யாராக இருக்க முடியும்?

சாயங்காலம் தாசன் ஆட்கள் போய்க் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். நீங்கள் உள்ளே வைத்தால் நாங்கள் வெளியே வைப்போம் என்று சொல்லிக்கொண்டே வைத்தார்களாம். தார்ப்பாய் உருகிச் சொட்டுவதை இங்கிருந்தே பார்த்தேன். ஒரு கிழவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். யாரும் சாகவில்லை. நான் தீ வைக்கவில்லை. எஞ்சின் ரூம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

முப்புடாதி மலைச்சரிவில் நின்று என் பெயரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றினாள். நெடுநேரம் தூற்றினாள்.

மார்ச் 21, வெள்ளி

புகை கூடிவிட்டது. மண் போட்டு மூடச் சொல்லி மேனேஜர் உத்தரவு. புகை கண்ணில் படக் கூடாது, எஞ்சினும் நிற்கக் கூடாது.

காலையில் அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார், "பதினேழு பக்கம் டோசர ஏத்தலாமாட்டி? தர நிக்குமா? ஒனக்குத்தான் தெரியும்."

"போங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

மாவாட்டிக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தம்.

மார்ச் 23, ஞாயிறு

பெரியாஸ்பத்திரி. தீக்காய வார்டு வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே விடமாட்டோம் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி இருக்கும். எஞ்சின் ரூமில் இருந்தேன். ஒரு சத்தம், பெரிய சத்தம்கூட இல்லை. வெளியே வந்து பார்த்தால் டோசரைக் காணோம். டோசர் எப்படிக் காணாமல் போகும்? பதினேழுக்குப் பக்கத்தில் பள்ளம், அதிலிருந்து கரும்புகை. ஓடினேன். ஓட ஓடத் தரை சுட்டது, செருப்பு இளகி ஒட்டியது.

வண்டி மூக்குக் குத்தி உள்ளே கிடந்தது. அடியெல்லாம் செங்கங்கு. மலைக்குள் ஒரு அறையே எரிந்து காலியாகி இருந்திருக்கிறது. அவர் கேபினுக்குள் இருந்தார், கால் இரண்டும் மிதிகளுக்கு நடுவில் மாட்டி. கத்தினார். இருபது வருஷம் அவரோடு வாழ்ந்திருக்கிறேன், அப்படி ஒரு சத்தம் அவரிடமிருந்து கேட்டதில்லை. நான் குதிக்கப் போனேன். தாசன் ஆட்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் ஒருவனும் இறங்கவில்லை. மேனேஜர் தண்ணி லாரிக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார்.

இறங்கியது அவர்கள்தான். எரிந்த குடிசையில் சாமான் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள். கொக்கிக் கம்பிகளை ஒன்றோடொன்று கோத்து, லாரிச் சங்கிலியை விட்டு, ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு கொம்பையா இறங்கினான். கட்டுப் போட்ட கையோடு. மேலே சங்கிலியைப் பிடித்தவள் முப்புடாதி. அவள் இடுப்பை இன்னும் பத்துப் பேர் பிடித்திருந்தார்கள். அண்ணாச்சி, விட்டுராதிய, விட்டுராதிய என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவரை வெளியே எடுத்தபோது பேன்ட்டும் தோலும் எது எது என்று தெரியவில்லை.

நான் அவர் தலையை மடியில் வைக்கப் போனேன். முப்புடாதி என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள். விழுந்தேன். எழுந்து வந்து மறுபடி உட்கார்ந்தேன். இரண்டாவது தடவை தள்ளவில்லை.

மார்ச் 24, திங்கள்

வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடது கால் இருக்கும் என்கிறார்கள். ஆள் பிழைத்துக்கொள்வார்.

மேனேஜர் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்தார். கூட இன்ஸ்பெக்டர். சோதனை நிற்கவில்லையாம், எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறதாம், அந்தப் பள்ளத்தைத் தகரம் வைத்து மறைத்துவிட்டார்களாம். வெந்த கைக்கு மருந்து போட வந்த கொம்பையாவை ஆஸ்பத்திரியிலேயே பிடித்துவிட்டார்கள். தீ வைத்த கேஸ், கொலை முயற்சி. நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும், அவன் வெளியே வரப் பத்து வருஷமாகும், அத்தானுக்கும் நல்ல தொகை வாங்கித் தருகிறேன் என்றார் மேனேஜர்.

நாளைக்குப் போடுகிறேன் என்றேன். முதலில் அத்தானைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 25, செவ்வாய்

உள்ளே விட்டார்கள். முகத்தில் ஒன்றும் இல்லை, அதே முகம். மருந்து மயக்கத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டை நனைக்கச் சொன்னார். பஞ்சில் தண்ணீர் தொட்டு வைத்தேன். கொஞ்ச நேரம் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்.

"மத்தக் குழியளயாவது அடச்சியா, ஆவுட?"

வேறு ஒன்றும் கேட்கவில்லை. திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அடச்சாச்சு" என்றேன்.

சரி என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மத்தக் குழி என்கிறார். அப்படியென்றால் குழி திறந்து கிடப்பது எப்போதிலிருந்து தெரியும்? தெரிந்துதான் கேட்டாரா, தரை நிக்குமாட்டி என்று? தெரிந்துகொண்டே என் வாயிலிருந்து வரட்டும் என்று நின்றாரா? நான் கிரைண்டரைக்கூட நிறுத்தவில்லை.

வராந்தாவில் வந்து சுவரில் முட்டினேன். நெற்றித் தையல் பிரிந்துவிட்டது. நர்ஸ் வந்து பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 26, புதன்

ஸ்டேஷனுக்குப் போனேன். மேனேஜர் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். பேப்பரை நீட்டினார்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். கொம்பையா வைக்கவில்லை என்றேன். பின்னே யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். குழாய்களைப் பிடுங்கினது யார் என்று கேளுங்கள், சொல்கிறேன் என்றேன். அவர் மேனேஜரைப் பார்த்தார், கேட்கவில்லை. அதனால் நானே சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன், வெளியே நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுத்தர் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். எழுதும்வரை நகர மாட்டேன் என்று அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டேன். மத்தியானத்துக்கு மேல்தான் எழுதினார்கள், கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அங்கிருந்து நேராகப் பிளாண்ட். வெள்ளைச் சட்டைக்காரர்கள் மீட்டர் முன்னால் நின்றார்கள். நான் போய் பிளோயர் சுவிட்சை அணைத்தேன். எஞ்சின் இருமிவிட்டு நின்றது. அந்தச் சத்தம் நின்றதும் காது அடைத்த மாதிரி இருந்தது. மேனேஜர் பின்னாலேயே வந்து என் கையை முறுக்கிச் சுவரோடு தள்ளினார். ஏழு வருஷ வேலையடி, ஒரு நிமிஷத்தில் கெடுத்திட்டியே என்றார். முகத்தில் குத்தினார், பல் ஒன்று ஆடிவிட்டது. என் கையில் ரென்ச் இருந்தது. அதே ரென்ச். அவர் மணிக்கட்டில் ஓர் அடி அடித்தேன், விட்டுவிட்டார். இன்னோர் அடி அடிக்கத் தோன்றியது. ரென்ச்சைக் கீழே போட்டேன்.

யாரும் திரும்பப் போடாதபடி சுவிட்சுப் பெட்டியைப் பூட்டி, சாவியைக் கழிவுநீர்க் குட்டையில் எறிந்தேன். ஏழு வருஷம் எனக்கும்தான். இந்த மலைக்குப் பக்கத்தில் மூச்சுவிட முடியாமல் கிடந்த ஊர், நாங்கள் வந்துதான் மூச்சுவிட்டது. அந்த வாயுவெல்லாம் இனிச் சும்மா வானத்துக்குப் போகும். அதை நினைத்து எஞ்சின் ரூமுக்குப் பின்னால் நின்று அழுதேன். வேறு எதை எதையோ நினைத்தும்தான்.

மார்ச் 27, வியாழன்

விடிந்ததும் களிமண் மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனேன். கூட வர யாரும் இல்லை, நானும் கூப்பிடவில்லை. குடிசைக்காரர்கள் மறியல் செய்து வேலையை நிறுத்திவிட்டார்கள், லாரி ஒன்றும் ஓடவில்லை. பாதிக் குடிசைகள் மறுபடி எழும்பியிருந்தன, சாக்கும் சேலையுமாக.

முப்புடாதி வீட்டுக் குழி இப்போது கிடையாது. டோசர் கிடக்கிற பள்ளம்தான் அது. மிச்சம் பதினொன்று. கிணறுகள் ஒவ்வொன்றின் வால்வையும் மூடிக்கொண்டே வந்தேன். முதல் குழி முன்னால் முட்டி போட்டு, களிமண்ணைப் பிசைந்து உள்ளே திணித்தேன். உள்ளேயிருந்து சூடு முகத்தில் அடித்தது. ஆழம் வரைக்கும் போக வேண்டும், கம்பியால் குத்திக் குத்தி இறக்கினேன்.

முதல் கல் முதுகில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். முப்புடாதி நின்றாள். கொம்பையாவை ராத்திரி விட்டுவிட்டார்கள் போல, அவனும் பின்னால் நின்றான், இரண்டு கையிலும் கட்டு. பிள்ளைகள் அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்குட்டி வந்த?" என்றாள்.

மதினி என்று சொல்லவில்லை.

 பதில் சொன்னால் சண்டையாகும், எனக்குச் சண்டை நன்றாக வரும். அடுத்த மூட்டையைப் பிரித்தேன். அடுத்த கல் தோளில், அதற்கடுத்தது நெற்றியில், அதே தையல் போட்ட இடத்தில். இரத்தம் கண்ணுக்குள் வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டேன். கையருகே நல்ல கல் கிடந்தது, குறி பார்த்தால் தப்பாது. அதை எடுத்துக் களிமண்ணுக்குள் வைத்து மூடினேன். அவள் எறிந்துகொண்டே இருந்தாள். கொம்பையா வேண்டாம்ளா என்று ஒரு தடவை சொன்னான், அவள் கேட்கவில்லை. நானும் விலகவில்லை. பதினொன்றையும் அடைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

கடைசிக் குழியில் ஒரு பாலிதீன் பையை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. காற்றில் பறந்து போய்விட்டது.

நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கேட்டால் அடைத்தாச்சு என்று சொல்லலாம், இனி அது பொய் இல்லை. அவர் மறுபடி கேட்பார் என்று தோன்றவில்லை.